சர்ச் வளாகத்துக் கற்சிலுவையைப் பதிவு செய்வது எப்படி: கீழிருந்து மேலே ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தின் பழைய ஊர்ச் சர்ச்சுகளில் தெற்கு வாசலுக்குப் போகும் பாதையோரம் பல இடங்களில் ஒரு மொட்டைக் கல்தூண் நிற்கும். அடியில் மூன்று நான்கு படிகள், மேலே சில சமயம் ஒரு வெயில் கடிகாரம், சில சமயம் ஒன்றுமே இருக்காது. அதுதான் இடைக்காலக் கற்சிலுவையின் மிச்சம். அதைப் பார்த்து, அளந்து, படமெடுத்து, பிறருக்குப் பயன்படும்படி எழுதி வைப்பது எப்படி என்பதற்கான வழிகாட்டி இது.

என்னோடு முதல் தடவை வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நேராகத் தலையைப் பார்க்கிறார்கள். அங்கே அழகான சிலுவை இருந்தால் “அடடா, 600 வருஷம்” என்று எழுதிக்கொள்கிறார்கள். மொட்டையாக இருந்தால் ஏமாந்துபோய் அடுத்த கல்லறைக்கு நகர்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டுமானத்தில் அதிகம் உடைந்ததும் அதிகம் மாற்றப்பட்டதும் தலைதான். பழையது கீழே இருக்கிறது. அதனால் கீழே சொல்லும் வரிசை முக்கியம், தயவுசெய்து மாற்றாதீர்கள்.

1. வீட்டிலேயே முடித்துவிட வேண்டிய வேலை

முதலில் ‘நேஷனல் ஹெரிட்டேஜ் லிஸ்ட் ஃபார் இங்கிலாந்து’ தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு சார்ந்த தொல்சின்ன அமைப்பு நடத்தும் பட்டியல் இது, இலவசம். சர்ச்சுக்கு ஒரு பதிவு இருக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். சிலுவைக்குப் பெரும்பாலும் தனிப் பதிவு உண்டு, தனி எண் உண்டு. சில சிலுவைகளுக்கு இரண்டு பதிவுகள்கூட இருக்கும்: ஒன்று பட்டியலிட்ட கட்டடமாக, இன்னொன்று ‘ஷெட்யூல்டு மான்யுமென்ட்’ என்ற பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாக. இரண்டாவது வகை என்றால் சட்டம் கடுமை. அதை வாசலில் போய் நின்றபின் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

அடுத்து பழைய வரைபடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவை நிறுவனம் வெளியிட்ட ‘25 அங்குல’ வரைபடங்களை (ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டுபவை) ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தும் அதில் அடக்கம். தொல்சின்னங்களைப் பழைய கோதிக் எழுத்தில் குறித்திருப்பார்கள். சர்ச் வளாகத்துக்குள் ‘கிராஸ்’ என்றோ ‘ரிமெய்ன்ஸ் ஆஃப் கிராஸ்’ என்றோ இருக்கிறதா பாருங்கள். வரைபடத்தில் ஓரிடத்திலும் இன்று வேறிடத்திலும் இருந்தால், சிலுவை நகர்த்தப்பட்டிருக்கக்கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், தண்டு நட்டிருக்கும் அடிக்கல்லுக்கு (குழிக்கல்) கீழே சிமென்ட் ஏன் தெரிகிறது என்று அங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டியலில் உள்ள விவரணையைப் படியுங்கள், நம்பிவிடாதீர்கள். பல விவரணைகள் இரண்டே வரி. அங்கே போய்ப் பார்ப்பதற்கான கேள்விகளாக அவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

துணி அல்லது பிளாஸ்டிக் டேப் ஒன்று, ஐந்து மீட்டர். இரும்பு டேப் வேண்டாம். அதன் விளிம்பு மென்மையான சுண்ணாம்புக்கல்லைக் கீறும். படத்தில் அளவு காட்ட 20 சென்டிமீட்டர் அளவுகோல். திசைகாட்டி (போனில் இருப்பது போதும், ஆனால் இரும்புக் கம்பிவேலியிலிருந்து நாலு அடி தள்ளி நில்லுங்கள்). நல்ல எல்இடி டார்ச். கறுப்புக் குடை. பென்சில், நோட்டு.

பென்சில் எதற்கு என்றால், மழை. ஈரத் தாளில் பேனா எழுதாது. கறுப்புக் குடை மழைக்கு மட்டுமல்ல. அதன் காரணம் ஒன்பதாவது பகுதியில் வருகிறது.

எடுத்துப் போகக்கூடாதவை: சாக்பீஸ், கம்பி பிரஷ், மாவு, ஷேவிங் ஃபோம். எழுத்து தெளிவாகத் தெரியும் என்று இணையத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் கல்வெட்டுக்கு மைப்படி எடுத்துப் பழகியவர்களுக்கும் கை பரபரக்கும். இங்கே வேண்டாம். கல்லின் மேல் ஒட்டியிருக்கும் சாம்பல், மஞ்சள் நிற லைக்கன்களில் (கற்பாசி) பல, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று பரவியிருந்தால் அது உங்கள் பாட்டியைவிட மூத்ததாக இருக்கலாம். தேய்த்தால் அதுவும் போகும், அதோடு ஒட்டிய கல் மேற்பரப்பும் போகும்.

3. கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்

வெளியே நின்று பார்ப்பதற்கும் சாதாரணப் படத்துக்கும் பொதுவாக யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் ட்ரைபாட், டார்ச், மணிக்கணக்கில் நிற்பது என்றால் விகாருக்கோ (ஊர்ப் பாதிரியார்) சர்ச் வார்டனுக்கோ (சர்ச்சைக் கவனிக்கும் பொறுப்பாளர்) ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முகவரி சர்ச் அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஒருமுறை நான் கேட்காமல் போய், குடையும் டார்ச்சுமாக மண்டியிட்டிருந்தபோது ஓர் இறுதிச் சடங்கு ஊர்வலம் வாசலில் நுழைந்தது. அதற்குப் பிறகு கேட்காமல் போவதில்லை.

சட்ட விஷயம் சுருக்கமாக: சர்ச் ஆஃப் இங்கிலாந்து வளாகத்தில் எதையும் நகர்த்தவோ மாற்றவோ ‘ஃபேக்கல்ட்டி’ எனும் மறைமாவட்ட அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் என்றால் 1979ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்; அங்கே தோண்டுவதும் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் ஓட்டுவதும் குற்றம். “அடிப்படியை மூடியிருக்கும் புல்லைக் கொஞ்சம் செதுக்கினால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. செதுக்காதீர்கள்.

கேட்பதில் இன்னொரு லாபம், சர்ச்சைத் திறந்து வைப்பார்கள். அது எட்டாவது பகுதியில் தேவைப்படும்.

4. முதலில் வளாகத்தை ஒரு சுற்று

சிலுவையிடம் நேரே போகாதீர்கள். சர்ச் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நிற்கும்; பலிபீடம் கிழக்கே, கோபுரம் அநேகமாக மேற்கே. அதை வைத்துத் தெற்கைக் கண்டுபிடியுங்கள், திசைகாட்டியில் சரிபாருங்கள். இடைக்காலச் சிலுவை வழக்கமாகத் தெற்குப் பக்கம், மக்கள் நுழையும் வாசலுக்கு அருகே இருக்கும். குருத்தோலை ஞாயிறு ஊர்வலம் வந்து நிற்கும் இடம் அது. வடக்கே தனியாக ஒன்று நின்றால், நகர்த்தப்பட்டதா என்ற கேள்வியோடு அணுகுங்கள்.

இந்தச் சுற்றில்தான் பெரிய குழப்பம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். வளாகம் முழுக்கச் சிலுவைகள் இருக்கும். மூன்று படி, அதன்மேல் வட்டம் கோத்த ‘கெல்ட்டிக்’ சிலுவை, பின்னல் வேலைப்பாடு, பார்க்க ஆயிரம் வருஷப் பழசு போல. கிட்டப் போய்ப் படியைப் பாருங்கள்: பெயரும் 1880 போல ஓர் ஆண்டும் வெட்டியிருக்கும். விக்டோரியா காலக் கல்லறை அது. இடைக்காலச் சிலுவை தனி ஒருவருக்கு வைத்தது அல்ல, முழு வளாகத்துக்கும் ஒன்று. பெயர் இருக்காது, படிகள் ஓர் ஆள் உட்காரும் அளவு பெரியவை.

இன்னொரு குழப்பம் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போருக்குப் பின் பல ஊர்களில் இடைக்காலச் சிலுவையின் சாயலிலேயே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். சில இடங்களில் பழைய அடித்தளத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாதீர்கள். படிகளையும் குழிக்கல்லையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

5. படிகள்

இப்போது சிலுவையிடம் வாருங்கள். குனியுங்கள்.

எத்தனை படி, சதுரமா எண்கோணமா, ஒவ்வொன்றின் உயரமும் ஆழமும் எவ்வளவு என்று எழுதுங்கள். “மூன்று படிகள்” என்று எழுதாமல் “தெரிகிற படிகள் மூன்று” என்று எழுதுங்கள். நூற்றாண்டுக் கணக்கில் புதைத்துப் புதைத்துக் கல்லறைத் தோட்டத்தின் தரைமட்டம் உயர்ந்திருக்கும்; கீழ்ப்படி மண்ணுக்குள் இருக்கலாம்.

பிறகு தேய்மானம். மேல்விளிம்பு வளைந்து குழிந்திருக்கிறதா? இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்தா, சாம்பல் நிறச் சிமென்டா? இரும்புக் கவ்விகள் உண்டா? தேய்ந்த கற்களுக்கு நடுவே தேயாத கல் ஒன்று இருந்தால் அது பிற்காலத்தில் மாற்றியது. படிகளை அடிக்கடி பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதால், படியை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

6. குழிக்கல்: இங்கே நேரம் செலவிடுங்கள்

படிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் கனமான கல்லை இங்கே ‘சாக்கெட் ஸ்டோன்’ என்பார்கள். நடுவே சதுரக் குழி, அதில் தண்டு இறங்கும். நாம் குழிக்கல் என்று வைத்துக்கொள்வோம். என் கணக்கில் முழுச் சிலுவையிலும் அதிகம் பேசுவது இதுதான். கனம் காரணமாக யாரும் எளிதில் தூக்கிப் போகவில்லை. உருவம் எதுவும் இல்லாததால் உடைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பொதுவான வடிவம்: கீழே சதுரம், மேலே எண்கோணம். சதுரத்தின் நான்கு மூலைகளும் எப்படி எட்டுப்பட்டையாக மாறுகின்றன என்று பாருங்கள். சில கற்களில் மூலை சாய்வாக வெட்டியிருக்கும்; சிலவற்றில் உருண்டு புடைத்திருக்கும். பக்கங்களில் நான்கிதழ்ப் பூ வடிவக் கட்டங்கள் இருக்கலாம். நான்கு பக்கத்தையும் திசைப் பெயரோடு தனித்தனியே எழுதுங்கள். “முன்பக்கம்” என்று எழுதியவர்கள் வீட்டுக்குப் போனதும் எது முன்பக்கம் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

ஹியர்ஃபோர்டுஷயர் பக்கம் போனால் மேற்கு முகத்தைத் தவறவிடாதீர்கள். அந்த வட்டாரத்துக் குழிக்கற்கள் பலவற்றில் மேற்குப் பக்கம் ஒரு சிறு மாடம் குடைந்திருக்கும், கிட்டத்தட்ட நம் வீட்டு விளக்கு மாடம் போல. பாசி மூடிக் கிடந்தால் சேதம் என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள்.

அப்புறம் குழி. தண்டுக்கும் குழிக்கும் நடுவே என்ன இருக்கிறது? இடைக்காலத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்குவது வழக்கம். மங்கலான சாம்பல் நிற உலோகம் இடுக்கில் தெரிந்தால் நல்ல அறிகுறி. குழி பெரிதாகவும் தண்டு சிறிதாகவும் இருந்து நடுவே சிமென்ட் அடைத்திருந்தால், அந்தத் தண்டு அந்தக் குழிக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம், அல்லது திரும்ப நட்டிருக்கலாம். இரண்டில் எது என்று அங்கேயே தீர்மானிக்காதீர்கள். அளவை மட்டும் குறியுங்கள்.

தண்டே இல்லாமல் குழிக்கல் மட்டும் கிடக்கும் ஊர்களும் உண்டு. அதில் மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருப்பார்கள். அதுவும் முழுப் பதிவுக்கு உரியதுதான்.

7. தண்டு

அடியில் சதுரம், கொஞ்சம் மேலே போனதும் மூலைகள் மழிக்கப்பட்டு எட்டுப்பட்டை. 14, 15ஆம் நூற்றாண்டுத் தண்டுகளின் வழக்கமான உருவம் இது. மேலே போகப் போக மெலியும். அடி அகலம், எட்டும் உயரத்தில் அகலம், பட்டை தொடங்கும் உயரம் ஆகிய மூன்றையும் குறியுங்கள்.

பிறகு விரிசலையும் ஒட்டையும் தேடுங்கள். ஒட்டுக்கு மேலும் கீழும் கல்லின் நிறம், துகள், உளித்தடம் ஒன்றுதானா? பட்டைகள் நேர்கோட்டில் தொடர்கின்றனவா? ஒட்டுக்கு மேலே திடீரென்று விளிம்பு கூர்மையாக இருந்தால் அது பிற்காலத் துண்டு.

உச்சியில் வெயில் கடிகாரம் இருந்தால், “கடிகாரத் தூண்” என்று எழுதி முடித்துவிடாதீர்கள். 1643 ஆகஸ்டில் நாடாளுமன்றம் மூடநம்பிக்கைச் சின்னங்களை அகற்றும்படி ஆணையிட்டது. சிலுவைகளும் அதில் அடக்கம். தலை போன தண்டுகள் பலவற்றில் பின்னால் கடிகாரம் பொருத்தினார்கள்.

இதுவரை சொன்னது இடைக்காலப் பிற்பகுதி வகை. வடக்கேயும் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிப் பக்கமும் போனால் வேறு உலகம். கம்பிரியாவில் காஸ்ஃபர்த் சர்ச் வளாகத்தில் நிற்கும் சிலுவை 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுமார் 4.4 மீட்டர் உயரம். அதன் தண்டு அடியில் உருண்டை, மேலே சதுரம். முழுக்கப் பின்னலும் உருவங்களும். ஸ்டாஃபர்ட்ஷயரின் இலாமிலும் லீக்கிலும் உருண்டையிலிருந்து சதுரமாக மாறும் தண்டுகள் உண்டு. ஆகவே விதி எளிது: சதுரத்திலிருந்து எட்டுப்பட்டை என்றால் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது, உருண்டையிலிருந்து சதுரம், உடலெங்கும் பின்னல் என்றால் நார்மன்கள் வருவதற்கு (1066) முந்தியதாக இருக்கலாம். கார்ன்வாலின் கிரானைட் வட்டத்தலைச் சிலுவைகள் தனிக் கூட்டம். அவற்றில் பல முதலில் வழியோரத்தில் நின்று, பின்னால் பாதுகாப்புக்காகச் சர்ச் வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டவை. அங்கே “தெற்கு வாசல்” தர்க்கம் செல்லாது.

8. தலை, கடைசியாக

இப்போது நிமிர்ந்து பாருங்கள். இருநோக்கியோ போன் ஜூமோ போதும். ஏறாதீர்கள், ஏணி சாத்தாதீர்கள்.

இரண்டு கேள்விகள்தான். இந்தத் தலையும் தண்டும் ஒரே கல்லா? தேய்மானம் ஒத்துப்போகிறதா? கூர்மையான விளிம்பு, லைக்கன் குறைவு, வேறு நிறம் என்றால் 19ஆம் நூற்றாண்டில் வைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் இந்தத் தர்க்கம் ஒரே இடத்தில் உங்களைக் கவிழ்க்கும். க்ளாஸ்டர்ஷயரின் ஆம்ப்னி க்ரூசிஸ் ஊரில் உருவங்கள் செதுக்கிய இடைக்காலத் தலை இருக்கிறது. அது சர்ச்சுக்குள் சுவரில் அடைபட்டுக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டுத் திரும்பத் தண்டின்மேல் வைக்கப்பட்டது. காற்றும் மழையும் படாத தலை தண்டைவிட இளமையாகத் தெரிவதில் வியப்பில்லை. இதற்கு எதிர்மாறு டெர்பிஷயரின் ஈம் (Eyam) ஊர்: அங்கே பழைய தலை இருக்கிறது, ஆனால் தண்டின் ஒரு பகுதி காணோம், மொத்தச் சிலுவையும் குட்டையாகத் தெரியும். லிங்கன்ஷயரின் சாமர்ஸ்பி போல ஏறக்குறைய முழுதாக நிற்பவை அபூர்வம். ஒரு பக்கம் சிலுவையில் அறையப்பட்ட இயேசு, மறுபக்கம் மரியாள். இயலுமானால் இதை முதலில் பாருங்கள். மொட்டைத் தண்டுகளில் எது இல்லை என்று கண் தானாகக் கண்டுகொள்ளும்.

வெளியே தலை இல்லையென்றால் உள்ளே தேடுங்கள். முகப்பு மண்டபத்தின் மூலை, எழுத்துப் பலகைகளின் பின்புறம், ஜன்னல் திட்டு. யார்க்ஷயரின் இல்க்லியில் பழைய சிலுவைத் தண்டுகளே இப்போது சர்ச்சுக்குள்தான் இருக்கின்றன.

9. வெளிச்சமும் படமும்

தேய்ந்த செதுக்கலைக் காட்டுவது வெளிச்சத்தின் கோணம்தான். நேர் வெளிச்சத்தில், குறிப்பாக ஃபிளாஷில், எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் உரசிப் போகும் வெளிச்சம் வேண்டும்.

கணக்கு இது. சூரியன் நேர் தெற்கே இருக்கும்போது கிழக்கு, மேற்கு முகங்களை உரசும். கோடையில் இங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுவதால் அது பகல் 12 மணிக்கு அல்ல, 1 மணிக்கு அருகில். தெற்கு முகத்துக்குச் சூரியன் கிழக்கிலோ மேற்கிலோ இருக்க வேண்டும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் காலையும் மாலையும் நன்றாக அமையும். வடக்கு முகத்துக்கு நடுக்கோடையின் அதிகாலையும் பின்மாலையும் தவிர வெயிலே வராது. அதற்குத்தான் டார்ச். பகலில் டார்ச் எடுபடாது, ஆகவே ஒருவர் கறுப்புக் குடையால் நிழல் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரே முகத்தை வலது, இடது, மேல் என மூன்று கோணத்தில் எடுங்கள். ஒரு கோணத்தில் முகம் போலத் தெரிவது இன்னொன்றில் வெறும் பொத்தலாக இருக்கும்.

படங்களின் வரிசை: தொலைவில் சர்ச்சோடு சேர்த்து ஒன்று, நான்கு திசையிலிருந்தும் முழுச் சிலுவை, பிறகு பகுதி பகுதியாக, அளவுகோலோடும் இல்லாமலும். ஒவ்வொரு திசையைத் தொடங்கும் முன்னும் நோட்டில் ‘வ’, ‘கி’ என்று பெரிதாக எழுதி அதையும் ஒரு படம் எடுங்கள். வீட்டில் பிரிக்கும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

முப்பரிமாண மாதிரி செய்ய ஆசை என்றால் எதிர்மாறான வெளிச்சம் வேண்டும்: மேகமூட்டமான நாள். மூன்று உயரத்தில் மூன்று சுற்று, அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி. மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் தொடங்கப் போதும்.

10. காலத்தை எழுதுவது

வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, அப்புறம். தலை, தண்டு, குழிக்கல், படி ஒவ்வொன்றுக்கும் தனிக் காலம் எழுதுங்கள், ஒட்டுமொத்தமாக ஒன்று வேண்டாம். “குழிக்கல்லும் தண்டின் கீழ்ப்பகுதியும் 14 அல்லது 15ஆம் நூற்றாண்டு, தண்டின் மேல்பகுதியும் தலையும் 19ஆம் நூற்றாண்டு, படிகள் திரும்பக் கட்டியவை” என்பது நல்ல பதிவு. “15ஆம் நூற்றாண்டுச் சிலுவை” என்பது பாதிப் பொய். ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் காரணத்தை ஐந்தாறு வார்த்தையில் சேருங்கள், அடுத்து வருகிறவர் மறுக்க வசதியாக.

11. அனுப்புவது

இடத்தை ஆர்ட்னன்ஸ் சர்வே கட்டக் குறியீட்டில் எழுதுங்கள். இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமும் பத்து மீட்டர் துல்லியம் தரும். பத்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர். பட்டியல் எண், போன தேதி, வானிலை, சேதம் ஏதும் உண்டா என்பதையும் சேருங்கள். ஒரு பிரதி அந்த வட்டாரத்தின் ‘ஹிஸ்டாரிக் என்வைரன்மென்ட் ரெக்கார்டு’ எனும் தொல்சின்னப் பதிவேட்டு அலுவலகத்துக்கு, இன்னொன்று சர்ச்சுக்கு.

சர்ச்சுக்கு அனுப்பினால் பதில் வரும், அதிலிருந்து புது வேலையும் வரும். போன வருஷம் ஒரு வார்டன், பாய்லர் அறைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த கல்லின் படத்தை அனுப்பி, “இதுதான் நீங்கள் தேடிய தலையா?” என்று கேட்டார். இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் பார்த்தேன். விக்டோரியா காலக் கல்லறைச் சிலுவையின் ஒரு கை அது.